மரைன் ப்ளை வாங்கியும் சமையலறைப் பெட்டி ஊதியது ஏன்?

கடலூர் மாவட்டத்தின் கடலோர ஊர் ஒன்றிலிருந்து, பணி ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியை ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இரண்டையும் தவிர்த்து, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

ஓய்வூதியப் பணத்தில் ஒரு பகுதியைச் செலவிட்டு, 14 மாதங்களுக்கு முன் சமையலறையைப் புதுப்பித்திருக்கிறார். வேலை செய்தவர் இருபது ஆண்டுகளாக அந்தக் குடும்பத்துக்குப் பழக்கமான தச்சர். அவர் எழுதிக் கொடுத்த மதிப்பீட்டுச் சீட்டில் "பாக்ஸ் எல்லாம் 710 மரைன் ப்ளை, ஷட்டர் 18 மி.மீ. போர்டு, ரெண்டு பக்கமும் மைக்கா" என்று இருக்கிறது. கடந்த மழைக்காலத்துக்குப் பிறகு, சிங்க்குக்குக் கீழே உள்ள பெட்டியின் அடிப்பலகை முன்விளிம்பில் கருத்து, நகத்தால் அழுத்தினால் பதிகிற அளவுக்கு மென்மையாகிவிட்டது. அதே பெட்டியின் இரண்டு ஷட்டர்களும், அதாவது கதவுகளும், கீழ்ப்பக்கம் தடித்து, விளிம்பில் ஒட்டியிருந்த பட்டை உதடு பிளந்ததுபோல் திறந்துகொண்டது. கணவரின் கருவிப் பெட்டியிலிருந்த வெர்னியர் காலிப்பரால் அளந்தும் எழுதியிருக்கிறார். அடிப்பலகை பின்பக்கத்தில் 19.5 மி.மீ., முன்விளிம்பில் 20.5 மி.மீ. ஷட்டர் மேல்விளிம்பில் 20 மி.மீ., கீழ்விளிம்பில் 25 மி.மீ.

அவருடைய சந்தேகங்கள் இவை. மரைன் ப்ளை என்று சொல்லிப் போலிப் பலகையைத் தலையில் கட்டிவிட்டார்களா? அல்லது உப்புக் காற்றுதான் காரணமா? விளிம்பைச் சுற்றி சிலிக்கான் அடித்தால் ஒரே நாளில் சரியாகிவிடும் என்கிறார் தச்சர். பழைய என்ஜின் ஆயிலைத் தடவச் சொல்கிறார் கொழுந்தனார். யார் சொல்வதைக் கேட்பது? எல்லாவற்றையும் பிரித்துவிட்டுப் புதிதாகச் செய்ய வேண்டியிருக்குமா? நுகர்வோர் நீதிமன்றம் போகலாம் என்று மகன் சொல்கிறான். பழகிய மனிதர் மேல் புகார் கொடுக்க மனம் வரவில்லை. ஆனால் போன பணத்தை மறக்கவும் முடியவில்லை.

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் உங்கள் பெரிய கவலைக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியதில்லை. நீங்கள் அனுப்பிய அளவுகளைப் பார்க்கும்போது, இரண்டு ஷட்டர்களை மாற்ற வேண்டியிருக்கும். அடிப்பலகை அநேகமாகத் தப்பும். மற்ற பெட்டிகளை இப்போதே கவனித்தால் அவற்றுக்கு எதுவும் ஆகாது. மரப்பலகை வேலைகளை மேற்பார்வையிட்டே என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்திருக்கிறது. பலகையைக் குறை சொல்லி வந்த புகார்களில் பெரும்பாலானவற்றை நேரில் போய்ப் பார்த்தபோது, குறை பலகையில் இருந்ததில்லை. அதை அறுத்தபின் அப்படியே விட்டுவிட்ட விளிம்பில்தான் இருந்தது.

நீங்கள் அறிவியல் ஆசிரியை என்பதால் உங்களுக்கு இதை விளக்குவது எளிது. வகுப்பில் காசித்தும்பைச் செடியைச் சிவப்பு மை கலந்த நீரில் நிறுத்தி, தண்டுக்குள் மை ஏறுவதைக் குழந்தைகளுக்குக் காட்டியிருப்பீர்கள். மரம் என்பது அந்தக் குழாய்களின் கட்டுதான். மரம் செத்து, அறுபட்டு, பலகையான பின்னும் குழாய்கள் குழாய்களாகவே இருக்கின்றன. பலகையின் முகத்தில் தண்ணீர் பட்டால் அது குழாய்களின் பக்கச் சுவரைக் கடந்து மெதுவாகத்தான் உள்ளே போக வேண்டும். குறுக்கே அறுத்த முனையிலோ குழாய்களின் வாய் திறந்திருப்பதால் தண்ணீர் பல மடங்கு வேகத்தில் ஏறிவிடும். ப்ளைவுட்டில் இழையோட்டம் ஒரு அடுக்கில் நெடுக்காகவும் அடுத்ததில் குறுக்காகவும் மாறி மாறி அமைந்திருக்கும். அதனால் அந்தப் பலகையை எந்தத் திசையில் அறுத்தாலும், ஏறக்குறைய பாதி அடுக்குகள் வாயைத் திறந்துகொண்டுதான் வெளியே நிற்கும். தச்சுப் பட்டறையில் அறுத்துப் போட்ட ஒரு துண்டை வாங்கி, சொட்டு நீலம் கலந்த நீரில் ஒரு விரற்கடை மூழ்கும்படி சில மணி நேரம் நிறுத்தி வைத்து, பிறகு உளியால் பிளந்து பாருங்கள். நெட்டுக்குத்தாக இழை ஓடும் அடுக்குகளில் நீலம் உயரமாக ஏறியிருக்கும். இடையிலுள்ள அடுக்குகளில் அடியிலேயே நின்றிருக்கும். உள்ளடுக்குகளுக்கு நடுவே இடைவெளி இருந்தால், அந்த வழியாகவும் நீலம் ஓடியிருப்பது தெரியும்.

இரண்டு பக்கமும் மைக்கா ஒட்டியிருக்கும்போது தண்ணீர் எப்படிப் போகும் என்று கேட்டிருக்கிறீர்கள். மைக்கா முகத்தை மூடுகிறது; விளிம்பை மூடுவதில்லை. உள்ளே போன ஈரம் முகம் வழியாக வெளியேற முடியாமல் மைக்கா தடுப்பதும் உண்டு. ஏறுவதற்கு நாலு பக்கமும் வழி திறந்திருக்க, காய்வதற்கும் அதே நாலு விளிம்பை விட்டால் வேறு வழியில்லாத நிலைமை அது.

710 என்ற எண் எதற்கு உறுதி தருகிறது

ஐ.எஸ். 710 என்பது மரைன் ப்ளைவுட்டுக்கான இந்தியத் தரநிலை. இந்தப் பலகையின் அடுக்குகளை ஒட்டுவது பீனால் ஃபார்மால்டிஹைடு வகைப் பிசின். சோதனைத் துண்டை 72 மணி நேரம் கொதிநீரில் வைத்து எடுத்த பிறகும் அடுக்குகள் விட்டுப்போகக் கூடாது என்பது அதன் முக்கியமான நிபந்தனை. அதாவது அந்தச் சோதனையிலேயே பலகைக்குள் தண்ணீர் முழுவதுமாகப் புகுந்துவிடுகிறது. புகுந்த பிறகும் பசை விடாமல் நிற்கிறதா என்பதைத்தான் அங்கே பார்க்கிறார்கள். கடைக்காரர்கள் "வாட்டர் ப்ரூஃப்" என்று ஒரே வார்த்தையில் சொல்லி விற்பதால், தண்ணீரே உள்ளே நுழையாது என்று வாங்குபவர் நினைத்துக்கொள்கிறார். இந்தத் தவறு உங்களுடையதில்லை. ஆனால் அதே நினைப்பில் தச்சரும் விளிம்பை அப்படியே விட்டுவிடும்போதுதான் பலகை கெடுகிறது. பசை பிழைத்திருந்தாலும் மரம் நனைந்துகொண்டே இருந்தால் பூஞ்சை வரலாம், பிறகு கறையானும் வரலாம்.

இப்போது உங்கள் அளவுகளுக்கு வருவோம். ப்ளைவுட்டின் அடுக்குகள் மரக்கட்டையைச் சுழலவிட்டுச் சீவி எடுத்த தகடுகள். அவற்றின் தடிமன் திசையில் மரம் அதிகம் ஊதாது. நன்றாகக் காய்ந்த நிலையிலிருந்து முழுக்க ஊறிய நிலை வரை போனாலும் பெரும்பாலான மரங்களுக்கு இது ஏறக்குறைய 4 முதல் 6 சதவீதம்தான். 18 மி.மீ. பலகைக்கு அது சுமார் 1 மி.மீ. உங்கள் அடிப்பலகை முன்விளிம்பில் கூடியிருப்பதும் சரியாக 1 மி.மீ.தான். அடுக்குகள் பிரிந்திருந்தால் இதைவிட வெகுவாகத் தடித்திருக்கும். ஆகவே அது நல்ல பசையால் ஒட்டப்பட்ட பலகை என்றே தோன்றுகிறது. உங்கள் தச்சர் அந்த விஷயத்தில் உங்களை ஏமாற்றவில்லை என்பது என் கணிப்பு. உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டுமானால், பெட்டியின் பின்பக்கத்திலோ மிச்சத் துண்டிலோ ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அதோடு உரிம எண்ணும் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால், உரிமம் யாருடையது, எந்தப் பொருளுக்கு என்பது தெரியும்.

ஷட்டர் கதை வேறு. 20 மி.மீ. இருந்த இடத்தில் 25 மி.மீ. என்றால், இருபுறமும் உள்ள மைக்காவைக் கழித்துப் பார்க்கும்போது 18 மி.மீ. பலகை 23 மி.மீ. ஆகியிருக்கிறது. நல்ல ப்ளைவுட் இப்படி ஊதாது. ஷட்டரைக் கழற்றி, கீல் பொருத்தியிருக்கும் 35 மி.மீ. வட்டக் குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். வெளிர் நிறமும் கருநிறமுமாகக் கோடு கோடாகத் தெரிந்தால் ப்ளைவுட். கோடே இல்லாமல் ஒரே சீரான பழுப்பு நிறத்தில், சுரண்டினால் மாவுபோல் உதிர்ந்தால் எம்.டி.எஃப். அல்லது எச்.டி.எச்.எம்.ஆர். போன்ற நார்ப்பலகை. சீட்டில் "போர்டு" என்று மட்டும் எழுதியிருப்பதைப் பார்த்தால் இரண்டாவதாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். நார்ப்பலகை என்பது மரநாரைப் பிசினோடு சேர்த்துச் சூட்டில் அமுக்கிச் செய்தது. தண்ணீர் பட்டால் அமுக்கிவைத்த நார் விறைத்து எழுந்துகொள்ளும். காய்ந்தாலும் பழைய தடிமனுக்குத் திரும்பாது. அதன் மேற்பரப்புகள் இறுகியும் நடுப்பகுதி சற்றுத் தளர்ந்தும் இருப்பதால், அறுத்த விளிம்பு அதன் மிகப் பலவீனமான இடம். ஈரத்தைத் தாங்கும் வகை என்று விற்கப்படும் நார்ப்பலகை காற்றின் ஈரத்தையும் அவ்வப்போது தெறிக்கும் துளிகளையும் ஓரளவு தாங்கும். தேங்கி நிற்கும் தண்ணீரைத் தாங்கும் என்று அதற்கு அர்த்தமில்லை. இந்த இரண்டு ஷட்டர்களையும் எதைத் தடவியும் மீட்க முடியாது. அதற்காகப் பணம் செலவழிக்காதீர்கள்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது

கடற்காற்றைக் குற்றவாளியாக்கியிருக்கிறீர்கள். காற்றில் ஈரப்பதம் 80 சதவீதமாக நாள்கணக்கில் நின்றாலும், அதனோடு சமநிலைக்கு வந்த மரத்தில் ஈரம் சுமார் 16 சதவீதம்தான் இருக்கும். மரத்தை அழுகவைக்கும் பூஞ்சைக்கு 20 சதவீதத்துக்கு மேல் வேண்டும். அது செழித்து வளர அதைவிடவும் நிறைய வேண்டும். உப்புக் காற்று உங்கள் கீல்களையும் ஆணிகளையும் துருப்பிடிக்க வைக்கும். பலகையின் முன்விளிம்பைக் கருக்கவைத்தது அதுவன்று. சிங்க் பெட்டியில் மட்டும், அதிலும் கீழ்விளிம்பில் மட்டும் சேதம் இருப்பதே, நிற்கும் தண்ணீர்தான் காரணம் என்று காட்டுகிறது.

உங்கள் கடிதத்தின் நடுவில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "வெள்ளிக்கிழமைதோறும் சமையலறையைத் தண்ணீர் விட்டுக் கழுவுவது மாமியார் காலத்துப் பழக்கம்." அந்தப் பழக்கத்தை விடச் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் பெட்டிகள் தரையில் நேரடியாக உட்கார்ந்திருக்கின்றன. 14 மாதத்தில் ஏறக்குறைய அறுபது வெள்ளிக்கிழமைகள். ஒவ்வொரு முறையும் பெட்டிக்கடியில் புகுந்த நீர், துடைப்பத்துக்கும் துணிக்கும் எட்டாமல், இரண்டு மூன்று நாள் அங்கேயே நின்று பலகைக்குள் ஏறியிருக்கிறது.

இரண்டாவது வழி கிரானைட் மேடை. பாத்திரம் கழுவும்போது மேடையின் முன்விளிம்பில் வழியும் நீர், கல்லின் அடிப்பக்கத்தைப் பற்றிக்கொண்டே உள்ளே ஊர்ந்து, ஷட்டரின் மேல்விளிம்பில் சொட்டி, அதன் முகத்தில் வழிந்து கீழ்விளிம்பில் போய்த் தொங்கும். மழைநீர் சுவருக்கு ஓடாமலிருக்க சன்ஷேடின் அடியில் கொத்தனார் ஒரு பள்ளக் கோடு இழுப்பார் அல்லவா, அதே கோட்டைக் கிரானைட்டின் அடியிலும், முன்விளிம்பிலிருந்து அரை அங்குலம் உள்ளே தள்ளி, கல் அறுக்கும் இயந்திரத்தால் போடலாம். கல் பதித்த பிறகு அது கடினம் என்பதால், உங்கள் நிலைமையில் கல்லின் அடியில் ஒரு மெல்லிய அலுமினியக் கோணப் பட்டையை சிலிக்கானால் ஒட்டிவிட்டாலே அந்த ஊரல் நின்றுவிடும்.

மூன்றாவது, சிங்க்கின் கழிவுநீர்க் குழாய். அது போகும் துளையைப் பின்பலகையில் எப்படி அறுத்திருக்கிறார்கள் என்று குனிந்து பாருங்கள். பல வீடுகளில் அந்தத் துளை பல்லால் கடித்ததுபோல இருக்கும். சுற்றிலும் பூச்சில்லாத வெறும் மரம் தெரியும். குழாயில் வேர்க்கும் நீரெல்லாம் அங்கேதான் இறங்கும். இரவில் குழாய் இணைப்புகளுக்குக் கீழே ஒரு செய்தித்தாளை விரித்துவைத்து, காலையில் எந்த இடத்தில் ஈரவட்டம் விழுந்திருக்கிறது என்று பாருங்கள். கசிவு இருந்தால் பிளம்பரை அழைத்து அதை முதலில் சரிசெய்யுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

அவசரப்பட்டு மூடாதீர்கள்

தச்சர் சொல்லும் சிலிக்கானில் தவறில்லை. சொல்லும் நேரம்தான் தவறு. இப்போது அடிப்பலகைக்குள் ஈரம் இருக்கிறது. அதன் வாயை இன்றைக்கே அடைத்தால், ஈரம் உள்ளேயே மாட்டிக்கொண்டு மைக்காவுக்குக் கீழே பூஞ்சை வளர்க்கும். வெளியே பார்க்க அழகாக இருக்கும். ஆறு மாதத்தில் பலகை உள்ளிருந்து போய்விடும். அதோடு, சிலிக்கான் என்பது இரண்டு பொருள்கள் சந்திக்கும் இடுக்கை நிரப்பும் பொருள். சிங்க்குக்கும் கல்லுக்கும் நடுவே, குழாய்க்கும் துளைக்கும் நடுவே அது நன்றாக உழைக்கும். பலகையின் நீளமான விளிம்பின் மேல் வெறுமனே இழுத்துவிட்டால், மரத்துளைக்குள் இறங்காமல் மேலாகப் படர்ந்து, துடைக்கிற துணியோடு ஒருநாள் உரிந்து வரும். ஒருமுறை சிலிக்கான் பட்ட மரத்தில் பெயின்டும் பசையும் பிறகு ஒட்டாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கொழுந்தனார் சொல்லும் பழைய என்ஜின் ஆயில் சமையலறைக்கு ஆகாது. நாற்றம் போகாது, உணவுப் பொருள் வைக்கும் இடத்தில் அது இருக்கக் கூடாது, அதன்மேல் எந்தப் பூச்சும் பிடிக்காது. ஆனால் அவர் சொல்வதற்குப் பின்னால் ஒரு பழைய அறிவு இருக்கிறது. சுவருக்குள் புதையும் நிலைக்காலின் பின்பக்கத்துக்குத் தார் பூசிய பிறகே நிலை நிறுத்துவார்கள். மரக்கடைகளில் அடுக்கிவைத்த கட்டைகளின் முனைகளுக்கு மட்டும் பெயின்ட் அடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஈரம் போவதும் வருவதும் முனை வழியாகத்தான் என்று நம் மரவேலைக்காரர்களுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. ப்ளைவுட் வந்த பிறகு, அதை மரமாகப் பார்க்காமல் தகடாகப் பார்க்கத் தொடங்கியதில்தான் இந்தப் பழக்கம் விட்டுப்போனது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

ஆகவே முதலில் உலரவிடுங்கள். சிங்க் பெட்டியைக் காலி செய்து, ஷட்டர்களைக் கழற்றி, விளிம்பில் பிளந்த பட்டையை முழுவதுமாக உரித்துவிட்டு, மேசை மின்விசிறியை உள்நோக்கி ஓடவிடுங்கள். வெயிலில் போடுவதும், முடி உலர்த்தும் கருவியால் சூடேற்றுவதும் வேண்டாம், மைக்கா கொப்பளித்துவிடும். எப்போது உலர்ந்தது என்று எப்படித் தெரியும்? தச்சரிடம் ஈரமானி இருந்தால் ஊசியைக் குத்திப் பார்க்கலாம்; 12 முதல் 15 சதவீதத்துக்குள் வந்தால் போதும். இல்லாவிட்டால் அடிப்பலகையைத் திருகு கழற்றி வெளியே எடுத்து, வீட்டுத் தராசில் மூன்று நாளைக்கு ஒருமுறை எடை போட்டுக் குறித்துவையுங்கள். தொடர்ந்து இரண்டு முறை எடை மாறாமல் நின்றால் அது உலர்ந்துவிட்டது. இரண்டு மூன்று வாரம் ஆகலாம். உலர்ந்த பின் கருத்த இடத்தை ஒரு கூரான ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். முனை எதிர்த்து நின்றால் பலகை பிழைத்தது. வெண்ணெய்போல் இறங்கினால் அந்த முன்பகுதியை மட்டும் நேராக அறுத்துவிட்டு, அதே தடிமனில் ஒரு கட்டையை எபாக்சி வைத்து ஒட்டிக்கொள்ளலாம்.

விளிம்பை அடைக்கும் முறை

மறைந்திருக்கும் விளிம்புகளுக்கு, அதாவது அடிப்பலகையின் நாலு பக்கம், பக்கப்பலகைகளின் தரையைத் தொடும் முனை, பின்பலகை, குழாய்த் துளை ஆகியவற்றுக்கு இரண்டு பாகமாக வரும் எபாக்சி பிசினைப் பரிந்துரைக்கிறேன். இரண்டு பாகம் கலந்து பூசும் பி.யூ. (பாலியூரித்தேன்) பூச்சும் நல்லதே. விளிம்பை 120 எண் உப்புத்தாளால் தேய்த்து, தூசியைத் துடைத்துவிட்டு, முதல் பூச்சைத் தாராளமாகக் கொடுக்க வேண்டும். அது மரத்துக்குள் மறைந்துவிடும். வீணாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம், அதுதான் குழாய்களின் வாயை அடைக்கிறது. அது காய்ந்ததும் லேசாகத் தேய்த்து இரண்டாவது பூச்சும், எங்காவது மங்கலாகத் தெரிந்தால் அங்கே மூன்றாவதும் கொடுங்கள். விளிம்பு முழுவதும் ஒரே சீராகப் பளபளத்தால் வேலை முடிந்தது. அடுக்குகளுக்கு இடையே ஓட்டை தெரிந்தால், அதே எபாக்சியில் நுண்ணிய மரத்தூளைக் குழைத்து முதலிலேயே நிரப்பிவிட வேண்டும். நம் ஊர் வெக்கையில் கலந்த எபாக்சி சீக்கிரம் இறுகிவிடும் என்பதால், சிறிய கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கச் சொல்லுங்கள். கலக்கும் விகிதம் டப்பாவில் எழுதியிருப்பதுதான், கண்ணளவு கூடாது.

விளிம்புக்கு வழக்கமாக அடிக்கும் சாதாரண வார்னிஷையோ ஒரு கை ப்ரைமரையோ நம்பாதீர்கள். நார்ப்பலகை விளிம்புக்குத் தண்ணீர் கலந்த ப்ரைமர் அடிப்பது அதைவிட மோசம். ப்ரைமரில் உள்ள நீரே நாரை எழுப்பிவிடும்.

கண்ணுக்குத் தெரியும் விளிம்புகளுக்குப் பட்டை வேண்டும். உங்கள் ஷட்டரில் கையால் ஒட்டிய மெல்லிய பட்டை இருந்திருக்கிறது. புதிய ஷட்டர்களை, பட்டை ஒட்டும் இயந்திரம் உள்ள பட்டறையில் செய்யச் சொல்லுங்கள், பி.வி.சி. பட்டை 2 மி.மீ. தடிமனில் இருக்கட்டும், பசை பி.யூ.ஆர். வகையா என்று கேளுங்கள். வழக்கமாகப் பயன்படும் ஈ.வி.ஏ. சூட்டுப் பசை சூடுபட்டால் மறுபடி இளகும் இயல்புடையது. அடுப்புக்கும் சிங்க்குக்கும் அருகே அது நீண்டநாள் நிற்பதில்லை. பி.யூ.ஆர். பசை ஈரத்தை எடுத்துக்கொண்டே இறுகுவது. ஒருமுறை இறுகினால் மீண்டும் இளகாது. நாலு விளிம்புக்கும் பட்டை போட வேண்டும். பார்வைக்குத் தெரிகிற மூன்று விளிம்புக்குப் போட்டுவிட்டு, தரையைப் பார்க்கும் கீழ்விளிம்பை விட்டுவிடுவது பரவலாக நடக்கிறது. தண்ணீர் தொங்குவதோ அந்த விளிம்பில்தான்.

கீல் குழியை யாரும் நினைப்பதில்லை. 18 மி.மீ. பலகையில் ஏறக்குறைய 12 மி.மீ. ஆழம் தோண்டுகிறார்கள், அது முழுக்க வெட்டு முகம். கீலைப் பொருத்துவதற்கு முன் குழிக்குள் ஒரு தூரிகை எபாக்சி போட்டாலே போதும். திருகுகளையும் பிசினில் ஒரு முறை தொட்டுவிட்டு முடுக்கச் சொல்லுங்கள்.

பெட்டியைத் தரையிலிருந்து தூக்குங்கள். 100 மி.மீ. உயரமுள்ள பி.வி.சி. கால்கள் கிடைக்கின்றன. உயரம் இடிக்கும் என்றால், இரண்டு கிரானைட் துண்டுகளை அடியில் வைத்து ஓர் அங்குலமாவது உயர்த்தலாம். இதைச் செய்யாமல் வேறு எதைச் செய்தாலும் அரைகுறைதான்.

ஓர் எச்சரிக்கை. எபாக்சியும் தின்னரும் திறந்திருக்கும்போது அடுப்பை எரிக்கக் கூடாது. கேஸ் சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடிவிட்டு, ஜன்னல்களைத் திறந்துவைத்துச் செய்ய வேண்டும். நார்ப்பலகையைத் தேய்க்கும் தூசி நுரையீரலுக்குக் கேடு என்பதால், தேய்ப்பவர் முகக்கவசம் போடட்டும், கையுறையும் அவசியம். அன்றைக்குச் சமையலை வேறிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

புகாரா, பேச்சா

நான் வழக்கறிஞன் அல்லன். ஆனால் இத்தகைய வழக்குகளுக்குத் தொழில்நுட்ப அறிக்கை எழுதிக் கொடுத்த அனுபவத்தில் சிலவற்றைச் சொல்ல முடியும். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் புகார்க் கட்டணம் கிடையாது. கால வரம்பு இரண்டு ஆண்டு. அது எந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்பதில் வாதம் வரலாம் என்பதால், வேலையை ஒப்படைத்த நாளிலிருந்து எண்ணிக்கொள்வது பாதுகாப்பு. அப்படி எண்ணினால் உங்களுக்குப் பத்து மாதம் இருக்கிறது. பலகையின் தரத்தில் தகராறு வந்தால், மாதிரியை எடுத்து முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அதனால் கழற்றிய ஷட்டர்களைத் தூக்கி எறியாதீர்கள்; இப்போதைய நிலையை அளவுகோல் வைத்துப் படமெடுத்து, சீட்டையும் பணம் கொடுத்த விவரத்தையும் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் வழிகாட்டுவார்கள்.

ஆனால் உங்கள் வழக்கின் பலத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பெட்டிகள் 710 என்று எழுதியது பொய்யாகத் தெரியவில்லை. ஷட்டரைப் பொறுத்தவரை "போர்டு" என்று எழுதியதை நீங்கள் மரைன் ப்ளை என்று எடுத்துக்கொண்டீர்கள். அவர் அப்படி எழுதவில்லை. மறுபக்கம், நீர் புழங்கும் இடத்தில் கீழ்விளிம்பைச் சரியாக அடைக்காமல் நார்ப்பலகையைத் தரையோடு ஒட்டிப் பொருத்தியது வேலைக் குறைதான். அதற்கு அவர் பொறுப்பேற்க வேண்டும். பெட்டிக்கடியில் தண்ணீர் நிற்பது உங்களுக்குத் தெரிந்திருந்தும் விட்டுவிட்டீர்கள் என்று அவர் தரப்பில் சொல்ல இடமிருக்கிறது. ஆணையம் போனாலும் இரண்டு ஷட்டரின் விலையும் கூலியும் கொஞ்சம் மேலேயும்தான் கிடைக்கும் என்று எதிர்பார்க்கலாம். அதையே பேசிப் பெறுவது நல்லது; பேசி முடிவானதை எழுத்திலும் வாங்கிக்கொள்ளுங்கள். பழகியவரிடம் எழுதிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நீங்கள் தயங்குவது கடிதத்தில் தெரிகிறது. "போர்டு" என்றால் எந்தப் போர்டு என்று ஒரு வார்த்தை எழுதாமல் விட்டதுதானே உங்கள் இருவருக்கும் இடையே இந்தச் சங்கடத்தைக் கொண்டுவந்தது?

நான் உங்கள் இடத்தில் இருந்தால் கேட்கக்கூடியது இது: இரண்டு புதிய ஷட்டர்களுக்குப் பலகைச் செலவு அவருடையது, இயந்திரப் பட்டைக்கான கூடுதல் செலவு உங்களுடையது, எல்லாக் கீழ்ப்பெட்டிகளையும் கழற்றி விளிம்பை அடைத்துக் கால் வைக்கும் கூலியில் பாதிப் பாதி. சீட்டில் இப்படி எழுதச் சொல்லுங்கள்: "சிங்க் பெட்டி ஷட்டர் 18 மி.மீ. ஐ.எஸ். 710 ப்ளை, நாலு விளிம்பும் 2 மி.மீ. பட்டை, பி.யூ.ஆர். பசை, மறைவான விளிம்பு, குழாய்த் துளை, கீல் குழி எல்லாவற்றுக்கும் எபாக்சி இரண்டு பூச்சு, பொருத்துவதற்கு முன் வீட்டுக்காரர் பார்த்துச் சம்மதிக்க வேண்டும்." கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பொருத்திய பிறகு அந்த விளிம்புகளை யாராலும் பார்க்க முடியாது.

அவர் பேச வரும் நாளுக்கு முந்தைய இரவே ஒரு ப்ளைத் துண்டை அறுத்த முனை கீழே இருக்கும்படி சொட்டு நீலத்தில் நிறுத்தி வைத்துவிடுங்கள். கூடவே, அதே பலகையில் அறுத்த இன்னொரு துண்டின் முனையில் எபாக்சி பூசிக் காயவைத்ததையும் நிறுத்துங்கள். அவர் வந்ததும் இரண்டையும் அவர் கையாலேயே பிளக்கச் சொல்லிவிட்டு, பிறகு கூலிப் பேச்சைத் தொடங்குங்கள்.